லென்ஸில் பழுதில்லை

போன மாதம் நார்த்மீட்டில், எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து. பின் வளவில் கதிரைகளைப் போட்டுக்கொண்டு கொத்துரொட்டிக்குக் காத்திருந்தோம். வேலிக்கு மேலே நிலா ஏறி வந்தது. வீட்டுக்காரரின் தம்பி ஒரு கையில் பியர்ப் போத்தலும் மற்றக் கையில் ஃபோனுமாக, எதற்கோ சிரித்துக் குலுங்கியபடியே அதைப் படம் எடுத்தார். எடுத்ததை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளமும் எண்ணி எடுக்கலாம் போல அத்தனை தெளிவான நிலா.

"அன்ரி, நீங்கள் இந்த வேலைதானே செய்தனீங்கள்? உங்கட காலத்தில கையில வைச்சு இப்பிடி எடுக்கேலுமோ?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அந்த ஃபோனுக்கு நிலா எப்படியிருக்கும் என்று முதலே தெரியும், நீர் காட்டின வெள்ளைப் பொட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை அதுவே நிரப்பிவிட்டது, உம்மட கை ஆடினால் என்ன ஆடாவிட்டால் என்ன என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையிடி என்று ஒரு பொய்யைச் சொல்லி, கொத்துரொட்டிக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை. கை ஆடியும் படம் ஆடாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டு என்னால்தான் அங்கே இருக்க முடியவில்லை.

நான் வேலையை விடும்வரை பரமட்டாப் பக்கத்தில் ஒரு பட்டறையில் கமரா லென்ஸ் திருத்தியவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் சர்க்கிட் போர்டு பூட்டும் தொழிற்சாலையில் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். சின்ன ஸ்குரூ பிடித்துப் பழகிய கை என்று லென்ஸ் மேசைக்கு எடுத்தார்கள். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்குரூவைத் தொலைத்தேன், முழந்தாளில் நின்று தேடினேன், கண்டெடுத்ததைத் திரும்பவும் தொலைத்தேன். ஒரு நாள் தொலைப்பது நின்றது. அன்றிலிருந்து என்னைத் தொழில்காரி என்று மதித்தார்கள்.

பட்டறைக்குப் பொறுப்பானவர் கொலின் என்ற வெள்ளைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், ஆனால் நடக்கிற சத்தமே கேட்காது. அவர் வாயிலிருந்து நான் ஒரு நாளும் 'பழுது' என்ற சொல்லைக் கேட்டதில்லை. வாடிக்கையாளர் வந்து கத்தினால் முழுவதையும் கேட்பார். பிறகு அந்த ஆள் சொன்ன சொற்களாலேயே திருப்பிச் சொல்லி, அப்படித்தானே என்று கேட்பார். பாதிக் கோபம் அதோடு அடங்கிவிடும். அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மேசையை விட்டு எழுந்து யாரிடமாவது முக்கியமான ஒன்றைச் சொல்லப் போகும்போது, காற்சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து இரண்டு கைகளையும் துடைப்பார். கையில் எண்ணெயோ தூசோ இருக்காது. இருந்தாலும் விரல் விரலாகத் துடைத்துவிட்டுத்தான் வாய் திறப்பார். நாங்கள் அதைப் பார்த்து எங்களுக்குள் சிரிப்போம்.

எங்களிடம் வருவதில் அதிகம் ஸ்டெபிலைசர் உள்ள பெரிய லென்ஸ்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் இழுக்கும் லென்ஸைக் கையில் பிடித்தால், கையின் சின்ன நடுக்கம்கூடப் படத்தில் பெரிதாகத் தெரியும். அதற்காக உள்ளே ஒரு கண்ணாடியை இறுக்கிப் பூட்டாமல் மிதக்க விட்டிருப்பார்கள். கை எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதை உணர்ந்து, அந்தக் கண்ணாடி மற்றப் பக்கம் நகர்ந்து சரிக்கட்டும். ஓடுகிற பஸ்ஸில் தேத்தண்ணி சிந்தாமல் பிடிக்கிற ஆளைப் போல. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பட்டறையில் ஒரு ஆட்டும் மேசை இருந்தது. லென்ஸை அதில் வைத்து விதம் விதமாக ஆட்டிப் பார்ப்போம். ஆனால் கொலின் கடைசியாக நம்பியது நிலாவைத்தான்.

வேலை முடிகிற நேரத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு லென்ஸைக் கொண்டு போவார். முழு நிலா அவருக்குப் பிடிக்காது. வெளிச்சம் நேரே விழுவதால் மேடு பள்ளம் ஒன்றும் தெரியாது, தோசைக்கல் மாதிரி இருக்கும். அட்டமி நிலா, அந்தப் பாதி நிலாதான் வேண்டும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். லென்ஸ் நல்லதா என்பதை அந்த நிழல் சொல்லிவிடும். அட்டமியில் நல்ல காரியம் ஒன்றும் தொடங்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். எங்கள் பட்டறையில் அட்டமி பார்த்துத்தான் லென்ஸை வீட்டுக்கு அனுப்பினோம்.

நிலாவை எடுக்கத் தெரியாமல் லென்ஸில் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். இரவுதானே என்று ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பார்கள். நிலா வெயிலில் காய்கிற கல். நட்ட நடுப்பகலில் கல்லைப் படம் எடுப்பது போலத்தான் எடுக்க வேண்டும். இருநூற்றைம்பதில் ஒரு பங்கு செக்கன், அதற்கும் விரைவாக. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கையால் லென்ஸைக் கீழிருந்து ஏந்தி, பொத்தானைப் பாதி அழுத்திவிட்டுப் பொறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடி விழித்து நிலைக்கு வர ஒரு நொடி வேண்டும். கண்ணுக்குள் நிலா மிதந்து நின்றதும், மூச்சைப் பாதி விட்டு, மெதுவாக அழுத்தி, தொடர்ந்து நாலைந்து எடுத்து அதில் நல்லதை வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இன்னும் சிலர் முக்காலியில் பூட்டிவிட்டு ஸ்டெபிலைசரை நிற்பாட்ட மறந்திருப்பார்கள். எங்களிடம் வந்த பழைய லென்ஸ்கள் பல முக்காலியில் இல்லாத ஆட்டத்தைத் தேடித் தேடித் தாமே ஆடத் தொடங்கும். கொலின் சுவிட்சைக் காட்டுவார், ஆள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு போவார்.

வேறு ஒரு வகையும் உண்டு. பறவைகளைப் படமெடுக்கும் ஒரு வயதான அம்மா இரண்டு தரம் அதே லென்ஸோடு வந்தார். எங்கள் மேசையில் அது பத்தரைமாற்றுத் தங்கம். உங்கள் கைதான் ஆடுகிறது என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். கொலின் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்தார். அந்த அம்மாவைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அதே மாதிரியான பட்டறை லென்ஸ் ஒன்றைக் கொடுத்து நிலாவை எடுக்கச் சொன்னார். "உங்கள் லென்ஸில் பழுதில்லை" என்பதைக்கூட அவர் வேறு விதமாகத்தான் சொல்வார்: உங்கள் லென்ஸ் நன்றாக இருக்கிறது. அதை மட்டும் சொன்னார். அந்த அம்மா எடுத்தார், திரையைப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். அதிலும் நிலா அசைந்துதான் இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கக் கொலின் நிலாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவின் முகத்தின் பக்கம் திரும்பவேயில்லை. கடைசியில் லென்ஸைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவருடைய காரில் வைத்துவிட்டு வந்தார். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாயைக் கொடுத்ததே பிழை என்று பட்டது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கட அவர் பஸ் ஓட்டினார். பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை, ஊர் பழக்கம் போகாது. ஊரில் பிறை படகு மாதிரிப் படுத்திருக்கும், இங்கே நிமிர்ந்து நிற்கிறது, அதுவும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு என்று வந்த முதல் மாதமே கண்டுபிடித்தவர் அவர். அதிலிருந்து நிலாப் பைத்தியம். நான் லென்ஸ் வேலைக்குப் போனதும் பைத்தியம் முற்றிவிட்டது. ஒரு பெரிய லென்ஸை வாங்கினார். வருடத்துக்கு ஒரு தரம் அதை நான் பட்டறைக்குக் கொண்டு போய்த் துடைத்து, சரிபார்த்துக் கொண்டு வருவேன். ஹெலன்ஸ்பர்க் கோயில் திருவிழாவில் சனத்துக்குள் முக்காலி விரித்தால் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று, கோபுரத்துக்கு மேலே நிலா வந்து நிற்கிற படத்தையும் கையில் பிடித்தே எடுப்பார். மாதத்தில் ஒரு நல்ல படத்தை மெல்பேர்னில் இருக்கும் மகளுக்கு அனுப்புவார். அவளும் ஒரு வரியில் இங்கிலிஷில் ஏதாவது பதில் போடுவாள். அந்த ஒரு வரியை எனக்கு வாசித்துக் காட்டாமல் அவர் சாப்பிட மாட்டார்.

ஒரு குளிர்காலம் படங்கள் மங்கத் தொடங்கின. லென்ஸைக் கொண்டு போகச் சொன்னார். கொண்டு போனேன். உள்ளே கொஞ்சம் தேய்மானம் இருந்தது, சரி செய்தேன். சில மாதம் நன்றாக இருந்தது. திரும்பவும் மங்கியது. இந்த முறை மிதக்கும் கண்ணாடித் தொகுதியையே புதிதாகப் போட்டேன். அதுவும் கொஞ்ச நாள் பொறுத்தது. வேறொரு வீடாக இருந்தால் மனிதரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். லென்ஸ் திருத்துகிறவளின் வீட்டில் படம் மங்கினால் லென்ஸைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு யோசனையே வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கியிருந்தார். குளிர் என்றார், நானும் ஹீட்டரைக் கூட்டிவிட்டேன்.

மூன்றாம் முறை சண்டை வந்தது. மகளுக்குப் படம் அனுப்புவதை நிற்பாட்டிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஊருக்கெல்லாம் திருத்துறாய், வீட்டில இருக்கிறதைத் திருத்தத் தெரியேல்ல" என்றார். என் தொழிலைச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு போய் ஆட்டும் மேசையில் வைத்து, எப்படியெல்லாம் ஆட்டலாமோ அப்படியெல்லாம் ஆட்டினேன். ஒரு குறையும் இல்லை. வீறாப்போடு திரும்பவும் ஆட்டினேன். என் வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தது. மனதுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இன்றைக்குப் போய் அவருக்கு நல்ல பதில் கொடுக்க வேண்டும் என்றிருந்தேன்.

அன்று அட்டமி. கொலின் வழமை போல் லென்ஸ்களை வெளியே கொண்டு போனார், இதையும் எடுத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் வரச் சொன்னார். கமராத் திரையில் நிலாவைக் காட்டினார். நிழல்கள் வெட்டி வைத்தது போல இருந்தன. நல்ல வேலை என்றார். பிறகு, இந்த லென்ஸ் அடுத்தடுத்து மூன்றாம் முறையாக மேசைக்கு வருகிறதே, யாருடையது என்று கேட்டார். என் கணவருடையது என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

கொலின் கமராவைக் காரின் மேல் வைத்தார். பையிலிருந்து துணியை எடுத்துக் கைகளைத் துடைக்கத் தொடங்கினார்.

பெருவிரல், ஆட்காட்டி விரல், ஒவ்வொன்றாக. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனையோ பேருக்கு முன்னால் அவர் அப்படித் துடைத்ததைக் கண்டவள். துடைத்து முடித்துவிட்டு, "உன் கணவரின் லென்ஸ் நன்றாக இருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு நிலாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தின் பக்கம் திரும்பவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோப்பை, குளிர், சட்டைப் பொத்தானைப் பூட்ட அவர் எடுத்துக்கொள்கிற நேரம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. நான் ஒவ்வொரு முறையும் அந்த லென்ஸைச் சரியாக்கி அனுப்ப, அது அவருடைய கையை எங்களுக்குத் தெரியாமல் சரிக்கட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனாலும் முடியாமல் போன பிறகுதான் படம் மங்கியிருக்கிறது. கொலின் பட்டறை லென்ஸையும் சேர்த்து என் காரில் கொண்டு வந்து வைத்தார். கதவைச் சாத்திவிட்டு, அவசரமில்லை, அடுத்த வாரம் கொண்டு வந்தால் போதும் என்றார்.

வீட்டுக்குப் போனால் அவர் குசினியில் பருப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார். சண்டைக்குச் சமாதானம் என்று விளங்கியது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின் வளவுக்கு வரச் சொன்னேன். பட்டறை லென்ஸைப் பூட்டிக் கமராவைக் கையில் கொடுத்தேன்.

"இது வேற லென்ஸ். இதால ஒருக்கா எடுத்துப் பாருங்கோ."

உடுப்புக் காயப்போடும் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்தார். முழங்கையை விலாவோடு ஒட்டினார், மூச்சைப் பாதி விட்டார், எல்லாம் முறைப்படிதான். திரையைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து நின்று திரும்பவும் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, குழந்தைப்பிள்ளை மாதிரி, "இதுவும் பழுதப்பா" என்றார்.

நான் நிலாவைப் பார்த்தேன். கொலின் ஏன் அப்படி நிற்பார் என்று அப்போது தெரிந்தது. வேறெங்கே பார்ப்பது?

எங்கட அவர் கமராவை என்னிடம் நீட்டினார். "நீ ஒருக்கா எடு."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். எடு என்றார். வேணுமென்றே ஆட்டி எடுத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது, உண்மை. ஆனால் பொத்தானைப் பாதி அழுத்தியதும் கை தன் பழக்கத்துக்கு இறுகி நின்றுவிட்டது. நல்ல படம் வந்தது. அவர் வாங்கிப் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய் இடது கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப லென்ஸ் நல்லாத்தான் இருக்கு."

"ஓமப்பா."

"நாளைக்குக் காலமை நான் பஸ்ஸில பள்ளிக்கூடப் பிள்ளையள ஏத்தோணும்."

மற்ற நாள் காலையில் டிப்போவுக்குப் போனார். பஸ்ஸை எடுக்கவில்லை. தன் கையைப் பற்றித் தானாகவே போய்ச் சொல்லிவிட்டு, இன்னொருவர் ஓட்டிய பஸ்ஸில் பயணியாக இருந்து வீட்டுக்கு வந்தார். யாரும் அவரை நிற்பாட்டவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அதைப்போல ஒரு காரியத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. டொக்டர் பார்த்து, ஸ்கான் எடுத்து, பார்கின்சன் என்று பெயர் சொன்னார்கள். முதலே தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று டொக்டர் எனக்குச் சொன்னார். நான் கேட்ட கேள்விக்கு அவர் வேறென்ன சொல்லுவார்.

அவரைப் பார்த்துக்கொள்வதற்காகப் பிறகு நானும் வேலையை விட்டேன். என்னை வழியனுப்புகிற அன்று கொலின் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

நிலாவை நாங்கள் விடவில்லை. அட்டமி வந்தால் நான் கம்பத்துக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அவர் லென்ஸை என் தோளில் சாய்த்துக்கொள்வார். அவர் கையின் நடுக்கம் லென்ஸ் வழியாக என் தோளுக்குள் இறங்கும். முதல் தரம் அப்படி எடுத்தபோது, முக்காலி மாதிரித்தானே, சுவிட்சை நிற்பாட்டட்டோ என்று கேட்டார். "நான் என்ன முக்காலியே? மூச்சு விடுறன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அன்றைய படம் ஒன்றும் உருப்படவில்லை. வேறு நாட்களில் சிலது உருப்பட்டது. அதை மகளுக்கு அனுப்பினோம். பிறகு நிற்கவே முடியாமல் போனது. கட்டிலில் இருந்தபடி ஜன்னலால் பார்த்தார். பிறகு அதுவும் இல்லை.

அவர் போய் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவுமலர்ப் புத்தகம் அடிக்க வேண்டியிருந்தது. மகள்தான் எல்லாம் செய்தாள். அட்டைக்கு அப்பா எடுத்த நிலா ஒன்று வேண்டும், நல்லதாகப் பார்த்து அனுப்புங்கோ என்றாள். நல்லதுகள் எவ்வளவோ இருந்தன. கோபுரத்துக்கு மேலே நின்ற நிலா இருந்தது. எனக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்க, எந்தக் கமராக்காரனும் எடுத்திருக்கக்கூடியவை என்றுதான் பட்டது. கடைசியில் அன்றைக்கு வளவில், பட்டறை லென்ஸால் எடுத்துவிட்டு இதுவும் பழுதப்பா என்றாரே, அந்தப் படத்தை அனுப்பினேன்.

அவள் உடனே ஃபோன் எடுத்தாள்.

"அம்மா, மாறி அனுப்பிட்டீங்கள். இது முழுக்க அசைஞ்சு போய்க் கிடக்கு."

"மாறேல்ல பிள்ளை. அந்த அசைவுதான் அப்பா. மற்றதுகளில நிலா மட்டும்தான் இருக்கு."

அங்கே அவள் அழுவது கேட்டது. நானும் அழுதேன். அந்தப் படத்தைத்தான் அட்டையில் போட்டாள். நினைவுமலரைக் கையில் வாங்கிய ஆட்கள் மை பரவியிருக்கிறது என்று நினைத்து, அட்டையை விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள்.